மெரியலோடு படிக்கப் போன கான்ஸ்டபிள்

மெரியல் ப்ரோபர்ட் எங்கள் ஊர்ச் சந்தையில் ஆடுகளுக்குத் தரம் போடுகிறவள். வியாழக்கிழமை காலையில் ரப்பர் பூட்ஸோடு பட்டிக்குள் இறங்குவாள். முதுகெலும்பில் விரலை வைத்து அழுத்திப் பார்ப்பாள். "இது மூணாம் தரம்" என்று சொந்தக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு அடுத்த பட்டிக்குப் போய்விடுவாள். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்கிற வழக்கம் இல்லை. "நல்லாத்தான் வளர்த்திருக்கீங்க, இந்த வருஷம் மழைதான் கெடுத்துருச்சு" என்போம். அதனால் அவளுக்கு நண்பர்கள் குறைவு. அவள் போட்ட தரத்தை எதிர்த்துப் பேசுகிறவர்கள் அதைவிடக் குறைவு.

பிறவியிலேயே அவள் அப்படியில்லை. பதினெட்டு வயதில் யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவாள். அதற்கு நான் சாட்சி. கொஞ்சம் குற்றவாளியும்கூட.

2003 செப்டம்பரில் நாங்கள் இருவரும் இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயரில் ஒரே வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தோம். மற்ற பிள்ளைகள் கெட்டில், போர்வை, அம்மா செய்துகொடுத்த பழ கேக் என்று கொண்டுவந்தார்கள். மெரியல் கான்ஸ்டபிளைக் கொண்டுவந்தாள். கான்ஸ்டபிள் பத்து வயதுக் குதிரை. பழுப்பு நிறம், தடித்த கழுத்து, வேல்ஸ் மலைக்குதிரைகளுக்கே உரிய குட்டைக்கால். மெரியலின் பன்னிரண்டாம் பிறந்தநாளுக்கு அவளுடைய அப்பா குதிரைச்சந்தையில் வாங்கிக்கொடுத்தது. அன்றிலிருந்து அவள் வேறு எந்தக் குதிரையிலும் ஏறியதில்லை. அவனையும் வேறு யாரும் தொட்டதில்லை.

எங்கள் பல்கலைக்கழகத்துக்குக் குதிரையோடு வருவது அதிசயமொன்றுமில்லை. லாயத்தில் நாற்பது குதிரைகள் நின்றன, அவற்றில் பாதி மாணவர்களுடையவை. ஆனால் மெரியலுக்கு இடம் கிடைத்ததைவிடக் கான்ஸ்டபிளுக்கு இடம் கிடைத்ததுதான் கஷ்டம். அவளுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அவனுக்குப் பாஸ்போர்ட், தடுப்பூசிச் சான்று, ரத்தப் பரிசோதனை, பல் மருத்துவரின் கடிதம், நடத்தை பற்றி ஒரு படிவம். வந்த பிறகும் இரண்டு வாரம் தனிமைக் கொட்டடி. அவளை எவரும் இரண்டு நிமிடம்கூடத் தனியாக வைத்துச் சோதிக்கவில்லை. சோதித்திருக்கலாம் என்று பிறகு தோன்றியது, ஏனென்றால் விடுதியின் சலவை இயந்திரத்தில் குதிரைப் போர்வையைப் போட்டு, எங்கள் மாடியில் இருந்த அத்தனை பேரின் உள்ளாடையிலும் பழுப்பு மயிர் ஒட்டவைத்தவள் அவள்தான்.

குதிரையை வைத்துக்கொள்ள இரண்டு வழி. ஒன்று, முழுக் கட்டணம் கட்டுவது. மெரியலின் அப்பா தீவன லாரி ஓட்டுகிறவர், அது நடக்காது. இன்னொன்று, குதிரையே தன் தங்கலுக்கு உழைப்பது. வாரத்தில் பத்து மணிநேரம் சவாரி வகுப்புக்குப் போகவேண்டும், வகுப்பில் இருக்கும் யாரும் ஏறலாம். மெரியல் இதற்குக் கையெழுத்துப் போட்டதே ஒரு கணக்கோடுதான். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

"ஒரு வாரம் பாரேன். எல்லாரையும் கீழ தள்ளிடுவான். அப்புறம் அவங்களே வேணாம்னு விட்டுடுவாங்க."

"அவ்வளவு முரடா?"

"முரடு இல்ல ரோ, அவனுக்கு என்னைத் தவிர யாரையும் ஆகாது. நான் இல்லேன்னா சாப்பிடக்கூட மாட்டான்."

நான்தான் அந்த ரோ. முழுப்பெயர் ரோவீனா. தபால் நிலையக்காரரின் மகள், சொந்தக் குதிரை இல்லாதவள். எனவே வகுப்பில் யார் குதிரை காலியோ அதில் ஏறுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். லாயத்தை நடத்திய மிஸஸ் டாகெட், செவ்வாய்க்கிழமைப் பலகையில் என் பெயருக்கு எதிரே கான்ஸ்டபிள் என்று எழுதிவிட்டாள்.

ஏறுவதற்கு முன் மெரியல் இரண்டு பக்கம் எழுதி என் கையில் கொடுத்தாள். பேசிக்கொண்டே இரு. கடிவாளத்தை இறுக்கிப் பிடி, விட்டால் பறந்துவிடுவான். குடை தெரிந்தால் திருப்பிவிடு. இடது காதைத் தொடாதே. வேலிப்பக்கம் நின்று, பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் புருஷனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

எனக்குப் பயத்தில் இரண்டு பக்கமும் மறந்துபோனது. இறுக்கிப் பிடிக்கவும் தெம்பில்லை. சரி, தள்ளுவதென்றால் தள்ளட்டும் என்று கடிவாளத்தைத் தொளதொளவென்று விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். கான்ஸ்டபிள் ஒரு பெருமூச்சு விட்டான். கழுத்தை நீட்டினான். பிறகு நடந்தான் பாருங்கள், அப்படியொரு நடை. நான் நினைத்த இடத்தில் திரும்பினான், நினைத்தபோது ஓடினான், நிறுத்தலாமா என்று நான் யோசிக்கும்போதே நின்றான். பதினெட்டு வருடத்தில் யாரும் என் பேச்சை அவ்வளவு கேட்டதில்லை. இறங்க மனமேயில்லை.

இறங்கியதும் மெரியல் ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"எப்படி இருந்தான்?"

இரவல் குதிரையிலிருந்து இறங்கினால் சொல்லவேண்டியது என்று எங்கள் மக்களிடம் ஒன்று உண்டு. யாரும் எழுதிவைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். குதிரை தங்கமாக நடந்திருந்தாலும், 'அம்மாடி, கைக்கு அடங்கவே மாட்டேங்குதே, நீ எப்படித்தான் சமாளிக்கிறியோ' என்று சொல்லவேண்டும். உன் குதிரை என்னிடம் நன்றாக நடந்தது என்று சொல்வது, உன் வீட்டுக்காரர் என்னிடம் நன்றாகச் சிரித்துப் பேசினார் என்று சொல்வதற்குச் சமம். சொந்தக்காரர் அதைக் கேட்டு, 'ஆமாம், கொஞ்சம் கஷ்டம்தான்' என்று புன்னகைக்கவேண்டும். இரண்டு பேருக்கும் அது பொய் என்று தெரியும். எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள்.

நானும் சொன்னேன். "அம்மாடி, கையெல்லாம் விட்டுப்போச்சு. நீ எப்படிடீ இவனை வெச்சுச் சமாளிக்கிற?"

மெரியல் புன்னகைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் வீட்டில் ஒரே குதிரை. இரவல் கொடுத்துப் பழக்கமில்லை, வாங்கியும் பழக்கமில்லை. அந்தப் பொய் அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பொய். நான் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு உறைத்திருக்கவேண்டும். உறைக்கவில்லை. ஒழுங்காக நடந்துகொண்டேன் என்ற திருப்தியோடு டீ குடிக்கப் போனேன்.

வாரம் ஏழெட்டுப் பேர் அவன்மேல் ஏறினார்கள். ஏழெட்டுப் பேரும் அதே பாட்டைப் பாடினார்கள். ஒருத்தி தோள் வலிக்கிறது என்று பிசைந்தே காட்டினாள். நாங்கள் எங்களுக்குள் பேசும்போது மட்டும், செவ்வாய்க்கிழமைப் பலகையில் கான்ஸ்டபிள் கிடைக்குமா என்று அடித்துக்கொள்வோம். மிஸஸ் டாகெட் முதல் வருட மாணவர்களில் பயந்தவர்களையெல்லாம் அவன்மேல்தான் ஏற்றினாள். அவளும் மெரியலிடம், "கொஞ்சம் பிடிவாதக்காரன்தான் கண்ணு, ஆனா பழகிடுவான்" என்றே சொல்லிவந்தாள்.

மெரியல் ஏறும்போதுதான் வேடிக்கை. இரண்டு கையும் வெள்ளையாகும் வரை கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருப்பாள். "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா" என்று ஓயாமல் பேசுவாள். ஒன்றுமில்லை என்று ஒருவர் உங்களிடம் நூறு தடவை சொன்னால் நீங்களும் என்ன ஏது என்று சுற்றிமுற்றிப் பார்ப்பீர்கள். கான்ஸ்டபிளும் பார்த்தான். காகிதம் பறந்தால் குதித்தான், குடையைக் கண்டால் பின்வாங்கினான். அவளுக்கு அதுவும் அத்தாட்சியாகிவிட்டது. ஊரார் ஏறி ஏறி அவன் மனசு உடைந்துபோயிற்று என்று முடிவு கட்டினாள்.

அக்டோபர் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுக்கூடத்தில், ரொட்டிமேல் பீன்ஸைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் போறேன் ரோ."

"எங்க?"

"வீட்டுக்கு. படிப்பை விட்டுடறேன். லெட்டர் எழுதிட்டேன். அடுத்த புதன் மேட்ச் முடிஞ்சதும் வியாழன் ஆபீஸ்ல குடுத்துடுவேன். அப்பா லாரி எடுத்துட்டு வரேன்னிருக்காரு."

"பைத்தியமா நீ? அவனை மட்டும் அனுப்பிடேன்."

"நான் இல்லாம சாப்பிடமாட்டான். இங்க இருந்தா இவங்க எல்லாரும் ஏறிச் சாகடிக்கிறாங்க. நீதானே சொன்ன, கை விட்டுப்போச்சுன்னு. உனக்கே அப்படின்னா அவனுக்கு எப்படி இருக்கும்? என் படிப்புக்காக ஒரு ஜீவனை வதைக்கமுடியாது."

எங்கள் வகுப்பிலேயே அவள்தான் நன்றாகப் படிக்கிறவள். ஆட்டு இனப்பெருக்கப் பாடத்தில் பேராசிரியர் அவளிடம் சந்தேகம் கேட்பார். அவள் குடும்பத்தில் பதினாறு வயதுக்கு மேல் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள். அதையெல்லாம் எங்கள் எல்லோருடைய மரியாதையும் ஒன்றுகூடி விழுங்கப் பார்த்தது. உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம் போதும். 'அவன் என்கிட்ட ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கான்டீ, உன்கிட்டதான் பயப்படறான்.' அவ்வளவுதான்.

வாயைத் திறந்தேன். "பீன்ஸ் ஆறிப்போகுது" என்றேன். எங்கள் ஊரில் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் அவள் குதிரையைப் பற்றி உண்மை சொல்வது அத்தனை சுலபமில்லை. நான் கோழை. அவள் போனால் என் செவ்வாய்க்கிழமைச் சவாரியும் போய்விடும் என்ற சுயநலம்கூட என்னைப் பேசவைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமைப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சவாரிப் போட்டியில் யாரும் சொந்தக் குதிரையை நம்பி வரமுடியாது. போட்டி நடத்துகிறவர்கள்தான் குதிரை தருவார்கள். நான்கு பல்கலைக்கழகங்கள், ஒவ்வொரு குதிரைமேலும் பல்கலைக்கழகத்துக்கு ஒருவர். ஏழு நிமிடம் பழகிக்கொள்ளலாம், பிறகு நடுவர் முன்னால் நடை, ஓட்டம், வட்டம், நிறுத்தம். ஒரே குதிரையில் யாருக்கு அதிக மதிப்பெண் என்பதுதான் கணக்கு. எங்கள் அணியில் ஒருத்திக்குக் காய்ச்சல். மாற்று ஆளாக மெரியலைச் சேர்த்தார்கள். தொப்பிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுத்தாள். கான்ஸ்டபிள்.

மிஸஸ் டாகெட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. "இது நியாயமில்லையே, அவ சொந்தக் குதிரை. மறுபடி எடுக்கலாம்" என்றாள்.

எதிரணித் தலைவன் ஹ்யூகோ என்று ஒரு நெட்டைப் பையன். "பரவாயில்லைங்க, பரவாயில்லை, அதுல என்ன இருக்கு" என்றான். மற்ற இரண்டு அணிக்காரர்களும் பரவாயில்லை என்றார்கள். பிறகு மூன்று அணிக்காரர்களும் குதிரை ஏற்றும் லாரிக்குப் பின்னால் போய் எங்களை மோசடிக்காரர்கள் என்று திட்டினார்கள். எனக்குக் காதில் விழுந்தது.

மெரியல் கான்ஸ்டபிள்மேல் ஏறவிருந்த மற்ற மூன்று பேரிடமும் போய்க் கெஞ்சினாள். "தயவுசெஞ்சு பேசிக்கிட்டே இருங்க. கடிவாளத்தை விட்டுடாதீங்க, ப்ளீஸ். கடைசி நாள் அவனுக்கு." அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மரியாதையாகத் தலையாட்டிவிட்டு ஏறினார்கள்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வேலியோரம் நூறு குடை. முதலாவது ஏறிய பெண்ணுக்கு அறுபத்தாறு மதிப்பெண். இரண்டாவது, அறுபத்தெட்டு. ஹ்யூகோ நெட்டைக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு கையில் கடிவாளத்தைப் பிடித்தும் பிடிக்காமலும் கொட்டாவி விடுகிறவன்போல ஒரு சுற்று வந்தான். எழுபத்தொன்று. கான்ஸ்டபிள் ஒரு குடையைக்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக மெரியல். ஆறு வருடத்துச் சொந்தக் குதிரை, ஏழு நிமிடப் பழக்கம் தேவையே இல்லாதவள். ஏறினாள், இழுத்துப் பிடித்தாள், பேச ஆரம்பித்தாள். மூன்றாவது அடியிலேயே அவன் காதுகள் பின்னால் போயின. முதல் வட்டத்தில் குடையைப் பார்த்துத் துள்ளினான். இரண்டாவதில் நடுவர் மேசையைப் பார்த்து நின்றுவிட்டான். ஐம்பத்து மூன்று.

மதிப்பெண் பலகையில் நான்கு எண்களும் ஒன்றின்கீழ் ஒன்றாகச் சாக்குக்கட்டியில் இருந்தன. சாக்குக்கட்டிக்கு மரியாதை தெரியாது. ஹ்யூகோ அவளிடம் வந்து கைகொடுத்தான்.

"கைக்கு அடங்காத குதிரைங்க. நீங்க எப்படித்தான் சமாளிக்கிறீங்களோ."

அவள் பலகையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். மறுபடி பலகையைப் பார்த்தாள். அதற்குள் எங்கள் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "நாலாவது ஆளுன்னா களைச்சுப்போகும்டீ." "மழை வலுத்துடுச்சு." "அந்த நடுவரம்மாவுக்குக் கண்ணே தெரியல." ஆளுக்கொரு பொய்யாக அள்ளி அவள்மேல் போர்த்தினோம். அவள் கான்ஸ்டபிளைப் பிடித்துக்கொண்டு லாயத்துக்குப் போய்விட்டாள்.

நடுவர் எழுதிய தாளை நான்தான் அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டியிருந்தது. கீழே ஒரே ஒரு வரி: 'நல்ல குதிரை. கொஞ்சம் விடுங்கள்.' அவள் கொட்டடிக்குள் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள். படித்தாள். மடித்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் அவன் புல் தின்றுகொண்டிருந்தான்.

"ரோ. செவ்வாய்க்கிழமை உன்கிட்ட எப்படி இருப்பான்?"

"மெரியல், இன்னிக்கு நீ..."

"களைப்பு, மழை எல்லாம் கேட்டாச்சு. எப்படி இருப்பான்னு கேட்டேன்."

வெளியே யாரோ பன்றிக்கறி ரொட்டி ஆறுகிறது என்று கூப்பிட்டார்கள். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். அவள் சட்டைப்பையில் அந்தக் கடிதத்தின் ஓரம் தெரிந்தது.

"தங்கமா இருப்பான்" என்றேன். "நான் கடிவாளத்தைப் பிடிக்கறதேயில்ல. நான் நினைச்சா போதும், செய்வான். எல்லார்கிட்டயும் அப்படித்தான். நீ ஏறினாத்தான் பயப்படறான். நீ பயப்படறே, அதான்."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேர்ந்து."

"எல்லாருக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"டாகெட்டுக்கு?"

"அவங்களுக்கும்தான்."

அவள் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. "வெளிய போ" என்றாள். போனேன். அவமானமாக இருந்தது, அழுதேன், பிறகு பன்றிக்கறி ரொட்டியும் சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமையும் போகவில்லை. ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அடுத்த செவ்வாய் நான் கான்ஸ்டபிளிலிருந்து இறங்கியபோது வேலிப்பக்கம் வந்து நின்றாள்.

"எப்படி இருந்தான்? பொய் சொன்னே, தொலைச்சுடுவேன்."

"நல்லா இருந்தான்."

"எப்படி நல்லா? விவரமாச் சொல்லு."

சொன்னேன். வலது பக்கம் திரும்பும்போது இடுப்பை லேசாகத் திருப்பினால் போதும் என்றேன். அவள் கேட்டுக்கொண்டாள். முகம் பார்க்கச் சகிக்கவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவன்மேல் ஏறி இறங்கிய ஒவ்வொருவரையும் மடக்கிக் கேட்டாள். பாட்டை ஆரம்பித்தவர்களை, "அதெல்லாம் வேணாம், நடந்ததைச் சொல்லு" என்று வெட்டினாள். லாயத்தில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே பயம் வந்துவிட்டது. அவளும் ஒருநாள் பலகையில் தன் பெயரை எழுதிக்கொண்டு, மற்றவர் குதிரைகளில் ஏறிப் பழகினாள். இறங்கியதும் உள்ளதை உள்ளபடி சொன்னாள். சில பேர் அவளோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

கான்ஸ்டபிளிடம் கடைசிவரை அவள் கை முழுதாகத் தளரவில்லை. மற்றக் குதிரைகளில் நன்றாகவே உட்கார்ந்தாள், அவனிடம் மட்டும் விரல் இறுகிவிடும். அவன்மேல் உயிரையே வைத்திருந்தாள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

மூன்று வருடம் படித்து முதல் வகுப்பில் தேறினாள். ஸ்காட்லாந்தில் ஒரு ஆட்டுப்பண்ணையில் வேலை கிடைத்தது; எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். கான்ஸ்டபிளை லாயத்துக்கே கொடுத்துவிடுவதென்று முடிவு செய்தாள். அவனுக்கு அங்கே பழகிவிட்டது, பயந்த பிள்ளைகளுக்கு அவன் தேவை என்று மிஸஸ் டாகெட்டிடம் சொல்லி, அவனுடைய பாஸ்போர்ட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தாள். ஜூன் மாதம், காலை பத்து மணி, வெயில். அவளுடைய அப்பா லாரியை முடுக்கிவிட்டுக் காத்திருந்தார். பின்னால் ஒரு கெட்டில், ஒரு போர்வை, இரண்டு பெட்டி மட்டும்.

கொட்டடிக் கதவில் சாய்ந்து நின்றோம். அவன் எங்களுக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு புல்லை இழுத்துக்கொண்டிருந்தான். அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு காது மட்டும் இந்தப் பக்கம் வந்து திரும்பிப் போயிற்று.

"என்னைத் தேடுவானா ரோ?"

அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு விட்டுப்போயிருந்தது.

"தேடமாட்டான்டீ" என்றேன். "கிறிஸ்துமஸ் லீவுக்கு நீ போனப்பவும் தேடல. ஒரு வேளை புல்லுகூடக் குறைக்கல."

மெரியல் கதவின்மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"அடிப் பாவி" என்றாள். "இதுக்கு மட்டுமாவது ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?"

நான் அவசரமாக ஒரு பொய்யைத் தேடினேன். அதற்குள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய் லாரியில் ஏறிவிட்டாள்.